பென்சிலில் எழுதிய பெயர்

ஜனவரி 2, செவ்வாய்

பெரிய மகன் வீட்டுப் பேரன் நவநீதன் பெங்களூரில் பாங்கி ஆபீசர். போன வருஷம் கார் வாங்கினான். அவன் தங்கச்சி சௌமியா மாட்டு டாக்டருக்குப் படித்துத் தங்க மெடல் வாங்கினாள். சின்ன மகன் வீட்டுக் கிருத்திக் எட்டாவதுதான் படிக்கிறான், நீச்சலில் மாநில அளவில் இரண்டாவது. முதலாவது வந்தவன் வயதைக் குறைத்துச் சொன்னவன் என்று பேச்சு. மகள் வயிற்றுப் பேத்தி பிரதீபா கம்ப்யூட்டர் என்ஜினியர். கோயமுத்தூர்க் கம்பெனி. இருபத்தாறு வயதில் முப்பது ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர் அவள் கையில் இருக்கிறது.

நாலு பேரும் கூடத்துச் சுவரில் இருக்கிறார்கள். ஒரு ஜெயத்துக்கு ஒரு போட்டோ, ஒரு ஆணி. போனில் வருகிற போட்டோ எனக்கு வேண்டாம். விரலால் தள்ளினால் போய்விடுகிறது. ஸ்டுடியோவில் கழுவி, கவரில் போட்டு, தபாலில் வரவேண்டும். தபால்காரர் வாசலில் நின்று கூப்பிடுவது தெருவுக்கே கேட்க வேண்டும் என்பதும் ஒரு காரணம்தான். அதை எழுதினால் என்ன.

இந்த நோட்டு உரக்கடையில் வருஷா வருஷம் கொடுப்பது. இத்தனை வருஷம் பால் கணக்குக்கே போயிற்று. மார்கழி பிறந்த வாரம் கண் ஆபரேஷன் ஆனதில் இருந்து கோடு கோடாக எழுத்து தெரிகிறது. ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள், இருந்தாலும் என் கையெழுத்தை வாத்தியாரே மற்ற பிள்ளைகளுக்குக் காட்டுவார். தினமும் எழுதலாம் என்று இருக்கிறேன்.

சொட்டு மருந்து நாலு வேளை. பிரதீபா ஊற்றுகிறாள். அம்மாவைப் பெற்றவள் என்பதால் என்னை அமுச்சி என்று கூப்பிடுவாள். அதற்காகத்தான் கோபியில் இருக்கிற என் வீட்டுக்கு வந்து இங்கிருந்தே வேலை பார்க்கிறாள். அவள் அப்பா அம்மா மஸ்கட்டில்.

ஜனவரி 4, வியாழன்

அவரைக்கொட்டை உரித்தேன். பிரதீபா பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். நீ என்னதான் பண்ணுகிறாய் என்று கேட்டேன். ராமாத்தாள் கேட்டால் சொல்ல வேண்டும் அல்லவா. ராமாத்தாள் என் நாத்தனார். அவள் பேரன் ஜெர்மனியில் இருக்கிறான். அவனுக்கு அங்கே என்ன வேலை என்று அவளுக்கும் தெரியாது.

பிரதீபா பொறுமையாகச் சொன்னாள். கோயமுத்தூரில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருக்கிறதாம். அதற்குள் முப்பது கம்ப்யூட்டர் இருப்பது மாதிரி பண்ணி வைத்திருக்கிறார்களாம். தொட்டுப் பார்க்க முடியாது. ஆனால் ஒவ்வொன்றும் தான் தனி என்றே நினைத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரிக்கு ஒன்று. நோயாளி பேர், என்ன நோய், எந்த மருந்து ஆகாது, எல்லாம் அதில்தான். ஒவ்வொன்றுக்கும் வேலை பார்க்க இடம் வேண்டும். அதற்கு மெமரி என்று பேர். இருக்கிற இடத்தைப் பங்கு போட்டுக் கொடுப்பது அவள் வேலை.

"சில பேரு என்ன பண்ணுவாங்கன்னா அமுச்சி, இருக்கறது நூறுன்னா நூத்தம்பது இருக்குதுன்னு சொல்லிக் குடுத்துருவாங்க. எல்லாமே ஒரே நேரத்துல கேக்காதில்லீங்க, அந்தத் தைரியம்."

இதை எனக்குச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். நாற்பது வருஷம் வாடகைப் பாத்திரக் கடை நடத்தியவள் நான். எங்க வீட்டுக்காரர் தூக்கி இறக்குவார், நோட்டு என்னுடையது. அவருக்கு எழுத வராது. பெரிய அண்டா ஆறுதான் இருக்கும். ஒரே முகூர்த்தத்துக்கு ஒன்பதுக்குப் பேர் எழுதியிருப்பேன். ஒரு வீட்டில் சம்பந்தம் முறியும், ஒரு வீட்டில் தீட்டு வரும், ஒருத்தர் மண்டபத்திலேயே பாத்திரம் இருக்கிறது என்று வரமாட்டார். முதல் ஆளை மையில் எழுதுவேன். அதே அண்டாவுக்கு இரண்டாவது ஆளைப் பென்சிலில். பென்சிலில் இருப்பது அந்த ஆளுக்குத் தெரியாது.

சொன்னதும் பிரதீபா சிரித்த சிரிப்பில் லேப்டாப் மடியில் இருந்து சரிந்தது. "அமுச்சி, நீங்க எங்க ஆபீசுலதான் இருக்கோணும்" என்றாள். ராத்திரி அவள் அம்மாவுக்குப் போன் போட்டு அதையே சொன்னாள்.

ஜனவரி 7, ஞாயிறு

ராமாத்தாள் போன். தைப்பூசத்துக்குப் பழனி போய்விட்டுத் திரும்பும்போது இங்கே ஒரு பொழுது இருந்துவிட்டுப் போவாளாம். ஜெர்மனிப் பேரன் பனியில் நிற்கிற படத்தைக் கொண்டுவருகிறாளாம். பிரதீபாவுக்கு டீம் லீடர் வேலை வரப்போகிறது என்று சொல்லிவிட்டேன். இன்னும் வரவில்லைதான்.

ஜனவரி 9, செவ்வாய்

மத்தியானச் சொட்டு மருந்து நேரம். கண்ணை மூடிப் படுத்திருந்தேன். பிரதீபா கையில் மருந்து. அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தாள். அவளுடைய மேலதிகாரி சுதாகர். கண்தான் மூடியிருந்தது, காது திறந்துதான் இருந்தது.

புதிதாக எட்டு ஆஸ்பத்திரி வருகிறதாம். புது கம்ப்யூட்டர் ஏப்ரலில்தான் வருமாம். அதுவரை இருப்பதிலேயே ஏற்று என்கிறான். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிற கொஞ்ச இடத்தையும் எடுத்துவிடு, இரண்டு மடங்கு இருப்பதாகச் சொல்லிக் கொடு என்கிறான்.

பிரதீபா மெதுவாகத்தான் பேசினாள். சார், அது சேஃப் இல்லீங்க, அந்த செட்டிங்கைத் தொட்டாலே சிவப்பில் எச்சரிக்கை வருதுங்க, எல்லாம் ஒண்ணா கேட்டா உள்ளே இருக்கிறது செத்துருங்க என்றாள். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சிவப்புல ஆயிரம் வரும் பிரதீபா. நான் சொல்றேன், பண்ணுங்க. வெள்ளிக்கிழமை டீம் லீட் லிஸ்ட் போகுது, ஞாபகம் இருக்கட்டும்."

போனை வைத்த பிறகும் மருந்து என் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை. பிறகு சொன்னாள், அவனுக்கும் அவனுக்கு மேலே இருப்பவருக்கும் ஒரு மெயில் எழுதப் போகிறேன், இது ஆபத்து, எழுத்தில் உத்தரவு கொடுங்கள், ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று கேட்கப் போகிறேன் என்று. எழுதட்டுமா அமுச்சி என்று என்னைக் கேட்டாள். இருபத்தாறு வயது என்ஜினியர் ஐந்தாவது படித்தவளிடம் கேட்கிறாள். நெஞ்சு நிறைந்துவிட்டது.

நான் சொன்னேன். "எழுதாத கண்ணு. எழுதுனா பகை. அவரு சொல்றதப் பண்ணிப்போடு. நாப்பது வருசம் நான் பண்ணாததா? எல்லாரும் ஒரே நாள்ல வரமாட்டாங்க."

"ஒருநாளும் தவறுனதில்லீங்களா அமுச்சி?"

"ஒருநாளும் இல்ல சாமி."

அந்த ஒரு வைகாசியைச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஜனவரி 10, புதன்

பிரதீபா செட்டிங்கை மாற்றிவிட்டாள். மெயில் எழுதவில்லை. ராத்திரிக்குக் கம்பு தோசை.

ஜனவரி 12, வெள்ளி

காலையில் ஒரு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் தானாக விழுந்துவிட்டதாம். பத்து நிமிஷத்தில் எழுப்பிவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. நேற்றும் ஒன்று விழுந்தது என்று அப்புறம்தான் சொன்னாள். விழுந்தால் எழுப்ப நீதான் இருக்கிறாயே என்றேன்.

சாயங்காலம் லெட்டர் வந்துவிட்டது. டீம் லீடர். என் வாயில் சர்க்கரை போட்டாள், சர்க்கரை வியாதியை இரண்டு பேரும் மறந்துவிட்டோம். ஸ்டுடியோவுக்குப் போகச் சொன்னேன். அரக்குப் பட்டில் எடுத்துக்கொண்டாள். கழுவிக் கொடுக்கத் திங்கள் ஆகுமாம், பொங்கல் கூட்டம்.

ஜனவரி 16, செவ்வாய்

மாட்டுப் பொங்கல். மாடு இல்லை, பொங்கல் மட்டும். பிரதீபா சிரித்தபடி இருந்தாள். மூன்று நாளாக ஒன்றும் விழவில்லையாம், ஆஸ்பத்திரிகளில் கூட்டமே இல்லையாம். பார்த்தாயா என்றேன்.

போட்டோ எங்கே என்று கேட்டால் கண் சிமிட்டுகிறாள். நேரில் கொடுத்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று ஸ்டுடியோவில் இருந்து வாங்கி, கவரில் போட்டு, நம் வீட்டு விலாசம் எழுதி, நம்மூர்ப் பெட்டியிலேயே தபாலில் போட்டிருக்கிறாள். லீவு முடிந்ததும் வரும். தைப்பூசத்துக்குள் ஆணி அடித்துவிடலாம்.

ஜனவரி 18, வியாழன்

லீவு முடிந்த முதல் நாள். பொங்கலுக்குத் தள்ளிப்போட்ட காய்ச்சல் எல்லாம் இன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது. பத்தேகாலுக்கு முப்பத்தெட்டும் ஒரே நேரத்தில் இடம் கேட்டுவிட்டன.

பிரதீபாவின் லேப்டாப்பில் சிவப்பு சிவப்பாக வந்துகொண்டே இருந்தது. ஒன்றை எழுப்பினால் இன்னொன்று விழுகிறது. பெரிய கம்ப்யூட்டர் தான் சாகாமல் இருக்க, உள்ளே எது அதிக இடம் பிடித்திருக்கிறதோ அதைக் கொன்றுவிடுமாம். அதிகம் பிடித்திருப்பது எது என்றால், அதிக நோயாளி இருக்கிற ஆஸ்பத்திரியுடையது. இது என்ன நியாயம் என்று கேட்டேன். அவள் அடுத்ததை எழுப்பிக்கொண்டிருந்தாள்.

சுதாகருக்கு ஏழு தடவை போன் போட்டாள். எடுக்கவில்லை. இரண்டு மணிக்கு எல்லாம் எழுந்தது. அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மத்தியானச் சொட்டு மருந்தை நானே ஊற்றிக்கொண்டேன், பாதி வெளியே போயிற்று.

ஜனவரி 19, வெள்ளி

தாராபுரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் இறந்துவிட்டாள். பூங்கொடி என்று பேர். நாற்பத்தொரு வயது, பஞ்சாலை வேலை. காய்ச்சலில் நினைவு தப்பி வந்தவளுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். அந்த ஊசி அவளுக்கு ஆகாது. ஆகாது என்று இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். நேற்றுப் பதினொரு மணிக்கு அந்தக் கம்ப்யூட்டர் இல்லை.

விதி என்றேன். பிரதீபா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்போதிருந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு உள்ளேயே இருக்கிறாள்.

நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம். ஊசி போட்டவர்கள் பார்த்துப் போட்டிருக்க வேண்டும்.

ஜனவரி 20, சனி

தபால்காரர் வந்தார். வாசலில் நின்று, அனுப்பியவர் இடத்தில் இருந்த பிரதீபா பேரைச் சத்தமாகக் கூப்பிட்டார். நான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன். கவர் மேலே அவள் கையெழுத்தில் 'பெறுநர்: உலகத்துக்கே அமுச்சி' என்று எழுதியிருக்கிறது.

அரக்குப் பட்டு நல்ல எடுப்பாக இருக்கிறது.

ஜனவரி 22, திங்கள்

கம்பெனியில் விசாரணை. லேப்டாப்பில் மூன்று பேர் முகம் தெரிந்தது. அதில் சுதாகரும் ஒருவன். நெற்றியில் விபூதி. அந்த செட்டிங்கை மாற்றச் சொல்லி நான் சொல்லவே இல்லை, பிரதீபா தானாகப் பண்ணியது, பிரதீபா பெயரில்தான் பதிவாகியிருக்கிறது என்று நிதானமாகச் சொன்னான். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று நடுவில் இருந்த அம்மாள் கேட்டாள். பிரதீபா இல்லை என்றாள்.

பிறகு லேப்டாப்பை மூடிவிட்டு என்னிடம் வந்தாள். என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"அமுச்சி, அன்னிக்கு மருந்து ஊத்தறப்போ ஸ்பீக்கர்ல அவரு சொன்னது உங்க காதுல விழுந்துச்சுங்களா?"

"ஏதோ பேசுனாப்ல இருந்துச்சு கண்ணு."

"நீங்க தெனமும் நோட்டு எழுதறீங்களே. அன்னிக்கு எழுதுனீங்களா? தேதி போட்டு இருந்தா காட்டலாமுங்க. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் குடுத்திருக்காங்க."

"அன்னிக்குக் கண்ணு எரிச்சல். எழுதல."

சரிங்க அமுச்சி என்று எழுந்து போனாள்.

நோட்டை மெத்தைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 23, செவ்வாய்

சாயங்காலம் வரைக்கும் நேரம் இருந்தது. நாலு மணிக்கு ஒரு தடவை எழுந்து மெத்தை வரைக்கும் போனேன்.

அந்தப் பக்கத்தைக் கொடுத்தால் அதற்குக் கீழே இருப்பதையும் படிப்பார்கள். எழுதாதே என்று சொன்னதே நான்தான் என்று படிப்பார்கள். ஒருநாளும் இல்லை என்று நான் சொன்னதைப் படிப்பார்கள், அந்த வைகாசியையும் படிப்பார்கள். எந்த வைகாசி என்று பிரதீபா கேட்பாள். வெளியே தெரிந்தால் தைப்பூசத்துக்கு வருகிற ராமாத்தாளுக்கு முன்னால் நான் எப்படி நிற்பேன். மணி ஐந்தடித்தது, ஆறடித்தது. விளக்கு வைத்தேன்.

இப்போது எழுதுகிறேன். வேறு யாருக்கும் சொன்னதில்லை. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும், அவர் போய்விட்டார்.

மாராயி என்று ஒருத்தி. காட்டு வேலைக்குப் போகிறவள். மாசி மாதமே வந்து வைகாசி முகூர்த்தத்துக்கு இரண்டு அண்டா சொல்லிவிட்டுப் போனாள். மகள் கல்யாணம். முதலில் வந்தவள் அவள்தான். மையில்தான் எழுதியிருக்க வேண்டும். ஆளைப் பார்த்துப் பென்சிலை எடுத்தேன். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் ரைஸ்மில்காரர் வீட்டில் ஆறு அண்டாவும் வேண்டும் என்றார்கள். மாராயி பேர் மேலேயே மையில் எழுதிவிட்டேன்.

முதல் நாள் மத்தியானம் அவள் புருஷன் வண்டி கட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் நின்றான். எங்க வீட்டுக்காரரை உள்ளே உட்கார வைத்துவிட்டு, அவர் ஊரில் இல்லை என்று நான் கதவு இடுக்கில் சொன்னேன். பொழுது சாய்கிற வரைக்கும் வண்டி நின்றது. அப்புறம் போய்விட்டது.

அந்தக் கல்யாணத்தில் வீடு வீடாகச் சின்னச் சட்டி வாங்கி ஆக்கியிருக்கிறார்கள். மூன்று மணி ஆகியும் பாதிப் பந்திதான். மாப்பிள்ளை வீட்டார் பசியோடு எழுந்து போய்விட்டார்கள். சோறு போட வக்கில்லாதவர்கள் என்று அந்தப் பெண்ணைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருஷத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாராயி என்னிடம் சண்டைக்கு வரவில்லை. சந்தையில் பார்த்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, மண் பானையாச்சும் வாங்கியிருப்பனுங்க."

அதற்குப் பிறகும் நான் பென்சிலை விடவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன்.

ஜனவரி 25, வியாழன். தைப்பூசம்

பழனியில் விடியற்காலைத் தரிசனம் முடித்துவிட்டு ராமாத்தாள் வந்தாள். ஜெர்மனிப் படத்தில் பேரன் முகமே தெரியவில்லை, பனிக்குல்லாய்தான் தெரிகிறது. சுவரில் அரக்குப் பட்டுப் போட்டோவைப் பார்த்துவிட்டு, இதென்ன புதுசு, பொண்ணு பாக்கறதுக்கு எடுத்ததா என்றாள். டீம் லீடர் என்றேன். எத்தனை பேருக்கு லீடர் என்றாள். முப்பத்தெட்டு ஆஸ்பத்திரிக்கு என்றேன்.

"அப்படியா, தாராபுரத்துல ஏதோ ஆஸ்பத்திரில கம்ப்யூட்டர் கெட்டு ஒரு பொம்பள செத்துட்டாளாமே. பஸ்ல பேசிக்கிட்டாங்க."

எனக்குத் தெரியாது என்று சொல்லி வடை வைத்தேன். பிள்ளை எங்கே என்றதற்கு மீட்டிங்கில் இருக்கிறாள், வெளியே வர முடியாது என்றேன். பிரதீபா அடுத்த அறையில்தான் இருந்தாள். கதவு சாத்தியிருந்தது. மரக் கதவு, ஒரு ஓரம் பொருந்தாது. எல்லாம் கேட்டிருக்கும்.

ஜனவரி 27, சனி

சொல்லாமல் காலை பஸ்ஸில் போய்விட்டு இருட்டுவதற்குள் வந்தாள். தாராபுரம் போயிருக்கிறாள். அந்தப் பூங்கொடி வீட்டுக்கு.

என்ன சொன்னார்கள் என்று கேட்கப் பயமாக இருந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே அவளாகத்தான் சொன்னாள். இன்னார் என்று சொல்லிக்கொள்ள வாய் வரவில்லையாம், ஆஸ்பத்திரியில் தெரிந்தவள் என்று சொன்னாளாம். பூங்கொடி புருஷன் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு அவர் வெளியே டோக்கன் வரிசையில்தான் நின்றிருக்கிறார். யாரும் அவரைக் கேட்கவில்லை. எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று அவரும் உள்ளே போகவில்லை.

"கம்ப்யூட்டர் ஓடலைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வாயில சொல்லியிருப்பனே பாப்பான்னு சொன்னாருங்க அமுச்சி. என்னையப் பாப்பான்னாரு."

தட்டில் கையைக் கழுவிவிட்டாள். மாராயி சந்தையில் எப்படி நின்றாளோ அப்படியே கண் முன்னால் நின்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மோர் ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

ஜனவரி 29, திங்கள்

வேலை போய்விட்டது. சுதாகர் அங்கேயேதான் இருக்கிறான். மற்ற கம்பெனிக்காரர்கள் கேட்டாலும் என்ன காரணம் என்று எழுதிக் கொடுப்பார்களாம்.

பிப்ரவரி 2, வெள்ளி

பிரதீபா போய்விட்டாள். ஹைதராபாத்தில் கூடப் படித்த பெண் இருக்கிறாளாம், விடுதியில் தங்கிக்கொள்வாளாம். மஸ்கட்டுக்கு வரச் சொல்லி அவள் அம்மா அழுதாள். மாட்டேன் என்றுவிட்டாள்.

புதுச் சொட்டு மருந்து வாங்கி வைத்திருக்கிறாள். டப்பாவின் மேல் காலை 8, மத்தியானம் 1, சாயங்காலம் 5, படுக்கும்போது என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள். கீரைக்காரியிடம் தினமும் வந்து எட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். சுவரில் இருந்து அரக்குப் பட்டை மட்டும் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். ஏன் கண்ணு என்றேன். இது வேண்டாமுங்க என்றாள்.

ஆட்டோ வந்துவிட்டது. படியில் இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"மெத்தைக்கு அடியில இருக்கற நோட்ட எடுத்து மேல வெச்சுக்கோங்க அமுச்சி. படுக்கறப்ப முதுகுல குத்தும்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

பிப்ரவரி 3

அவளுக்கு எப்போது தெரிந்தது. திங்கள்கிழமைதோறும் மெத்தை உறை மாற்றியது அவள்தான். எந்தத் திங்கள்கிழமை.

பிப்ரவரி 6, செவ்வாய்

கோயமுத்தூர் பஸ் ஏறிப் போனேன். நோட்டு மஞ்சப் பையில். கண்ணாடிக் கட்டடம். வாசல் காவல்காரர் நல்ல மனுஷன், நாற்காலி போட்டார். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பெண் இறங்கி வந்தாள், பிரதீபா வயதுதான். ஒன்பதாம் தேதிப் பக்கத்தை விரல் வைத்துக் காட்டினேன். அவன் சொன்னதை நான் என் காதால் கேட்டேன், எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்றேன். நின்றபடியே படித்தாள். அடுத்த பக்கத்தையும் திருப்பிப் படித்தாள்.

"விசாரணை முடிஞ்சு ஃபைல மூடிட்டாங்க பாட்டி. அதுவுமில்லாம, உங்க பேத்திதான் மாத்துனாங்கன்னு பத்தாம் தேதில நீங்களே எழுதியிருக்கீங்களே."

தண்ணீர் பாட்டில் கொடுத்து, பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்துவிட்டாள். இருபத்துமூன்றாம் தேதி நாலு மணிக்கு மெத்தையில் இருந்து எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்க நினைத்தேன். அவளுக்கு எப்படித் தெரியும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

பிரதீபாவுக்குப் போட்டால் போன் அடிக்கிறது. எடுக்கவில்லை.

பிப்ரவரி 12

எடுக்கவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

மகள் சுலோசனா மஸ்கட்டில் இருந்து பேசினாள். பிரதீபா ஹைதராபாத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாளாம். கம்ப்யூட்டர் இருக்கிற வேலை வேண்டாம் என்று பார்த்தும், பில் போடவும் கம்ப்யூட்டர்தானாம். சரியாகச் சாப்பிடுவதில்லையாம். ராத்திரியில் எழுந்து எழுந்து போனைப் பார்க்கிறாளாம், ஏதாவது விழுந்துவிட்டதா என்று. விழுவதற்கு இப்போது அவள் கையில் ஒன்றும் இல்லை என்று அவளுக்கே தெரியும்.

விடுதி விலாசம் வாங்கிக்கொண்டேன். இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லி எழுதினேன்.

கூடத்தில் நவநீதன், சௌமியா, கிருத்திக், பட்டம் வாங்குகிற பழைய பிரதீபா. நடுவில் வெறும் ஆணி. கீரைக்காரி கேட்டாள், ஆணியைப் பிடுங்கிவிடட்டுமா, தலையில் இடிக்கும் என்று. வேண்டாம் என்றேன்.

மார்ச் 3, ஞாயிறு

பிரதீபா கண்ணு,

இதில் இனிமேல் எழுதப் போவதில்லை. இந்த நோட்டையே உனக்கு அனுப்புகிறேன். உரக்கடைக்காரர் பையன் நாளைக்கு ரிஜிஸ்டர் தபாலில் போடுகிறேன் என்றிருக்கிறான். நீ மெத்தைக்கு அடியில் இருந்து எடுத்து முன்னாலேயே படித்துவிட்டாயா, இல்லை பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டாயா, எனக்குத் தெரியாது. அந்தச் செவ்வாய்க்கிழமை நானாக எடுத்துக் கொடுப்பேன் என்று காத்திருந்தாயோ என்று நினைத்தால் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். எடுத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கலாம் நீ. ஏன் காட்டவில்லை என்று எனக்குப் புரிகிறது. புரியாமல் இருந்தால் நன்றாக இருக்கும்.

ஒருநாளும் தவறியதில்லையா என்று நீ கேட்டாய். தவறியது. மாராயி என்று பேர். ஜனவரி 23 எடுத்துப் படி. நீ கேட்ட அன்றைக்கு இதைச் சொல்லியிருந்தால் நீ அந்த மெயிலை எழுதியிருப்பாய். வேலை போயிருக்கலாம். வேலை எப்படியும் போய்விட்டது. அந்தப் பூங்கொடி இருந்திருப்பாள்.

மாராயி பெண்ணை விசாரித்தேன். இரண்டு வருஷம் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். மாராயி அதற்கும் முன்னாலேயே. யாரிடம் போய்ச் சொல்வது. தாராபுரம் போகலாம் என்றால் அவர் எனக்கும் டீ வாங்கிக் கொடுப்பார். அதைக் குடிக்க எனக்குத் தெம்பில்லை.

என்னை மன்னி என்று கேட்க மாட்டேன். அதுவும் உன் தலையில் ஒரு சுமை. போனும் எடுக்க வேண்டாம். நீ பேசினால் நான் ஏதாவது புத்தி சொல்லிவிடுவேன், அந்தப் பழக்கம் போகவில்லை.

கண் நன்றாக இருக்கிறது. நீ ஒட்டிய சீட்டைப் பார்த்துத்தான் மருந்து விட்டேன், போன வாரத்தோடு முடிந்துவிட்டது. டப்பாவை எறியவில்லை.

ராமாத்தாள் போன் போட்டாள். பிரதீபா எப்படி இருக்கிறாள் என்றாள். வேலை போய்விட்டது, போனதற்குக் காரணம் நான்தான் என்று சொன்னேன். அதற்கு அவள், ஜெர்மனிக்காரனும் ஆறு மாசமாகப் பேசுவதில்லை, அந்தப் படம் போன வருஷத்துப் படம் என்றாள். இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம்.

நடு ஆணி அப்படியே இருக்கிறது கண்ணு. ஒரே ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பட்டு வேண்டாம், ஸ்டுடியோ வேண்டாம், சிரிக்க வேண்டாம். துணிக்கடையில் பில் போடுகிறபோது யாரையாவது எடுக்கச் சொல். கழுவி, கவரில் போட்டு, தபாலில் போடு. என் பேரைக்கூட எழுத வேண்டாம், விலாசம் மட்டும் போதும். தபால்காரர் கூப்பிட வேண்டியதில்லை, நான் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.